சப்பீராளுக்கு மாப்பிள்ளை அனனியா

கங்கப்பனுக்கு ஆலயத்தில் உட்கார்ந்தால் தூக்கம் வரும். சிங்காரப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஓசூருக்குப் பிழைக்க வந்தவர். ஆறு நாளும் கல் குவாரியில் சுத்தியல் அடித்துவிட்டு ஏழாம் நாள் நிழலில் உட்கார்ந்து, யாரோ நிதானமாகப் பேசுவதைக் கேட்டால் எந்த மனிதருக்கும் தலை தொங்கத்தான் செய்யும். அவர் மனைவி சாந்தம்மா நிறைமாதமாக இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேதபாடம் வாசிக்கும் நேரத்தில் ஏதோ ஒரு கணம் அவருக்கு விழிப்புத் தட்டியது. அந்தக் கணத்தில் காதில் விழுந்த சொல் 'சப்பீராள்'. நல்ல பேராக இருக்கிறதே என்று நினைத்தார். மறுபடியும் தூங்கிப்போனார்.

பெண் குழந்தை பிறந்து, ஞானஸ்நானத்துக்குக் கொண்டுபோனபோது வயதான போதகர் பேர் என்ன என்று கேட்டார். கங்கப்பன் சொன்னார். போதகரின் கை தண்ணீர்க் கிண்ணத்திலேயே நின்றுவிட்டது.

"இந்தப் பேரு யாரோடதுன்னு தெரியுமா கங்கப்பா?"

"வேதத்துல வர்ற பேருங்க ஐயா. நானே காதால கேட்டேன்."

"அந்தம்மா என்னா பண்ணாங்கன்னு கேட்டியா?"

"அதுக்குள்ள கண்ணு அசந்துட்டுதுங்க."

பின்னால் இன்னும் நான்கு குழந்தைகள் வரிசையில் அழுதுகொண்டிருந்தன. போதகர் பெருமூச்சு விட்டுத் தண்ணீரைத் தெளித்தார். சப்பீராள் சப்பீராள் ஆனாள்.

வேதத்தில் வரும் சப்பீராளின் கதை சின்னது. அனனியா என்று ஒருவன்; அவன் மனைவி சப்பீராள். இருவரும் தங்கள் நிலத்தை விற்றார்கள். கிடைத்ததில் ஒரு பங்கை ஒளித்து வைத்துக்கொண்டு, வந்தது இவ்வளவுதான் என்று மிச்சத்தைச் சபைக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பொய்யோடு வந்த அனனியா நின்ற இடத்திலேயே விழுந்து செத்தான். வாலிபர்கள் எழுந்து வந்து துணியில் சுற்றி அவனை வெளியே தூக்கிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரம் கழித்து, நடந்தது எதுவும் தெரியாமல் மனைவி வந்தாள். அதே பொய்யைச் சொன்னாள். அவளும் விழுந்தாள். அதே வாலிபர்கள் அவளையும் தூக்கிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். நடிக்கச் சுலபம், விழத் தெரிந்தால் போதும்.

எங்கள் சபையில் ஆண்டு விழா நாடகம் என்றால் சப்பீராளாக நடிக்க வேறு பிள்ளையைத் தேடவே மாட்டார்கள். அவள் வருஷா வருஷம் விழுந்தாள். பெரிய வகுப்புப் பையன்கள் கோணிப்பையில் சுற்றி அவளைத் தூக்கிக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் போட்டுவிட்டு முறுக்கு தின்னப் போவார்கள். ஒரு வருஷம் நிஜமாகவே மறந்துபோய்விட்டார்கள்.

இத்தனை தடவை செத்த ஒரு பெண் பொய் சொல்ல எப்படித் துணிவாள்? சப்பீராளுக்குப் பொய்யே வாயில் வராமல் போயிற்று. மரியாதைக்குச் சொல்கிற பொய்கூட வராது. ஒருமுறை எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இறந்து, துக்க ஜெபத்தில் ஆளாளுக்கு அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தார்கள். சிறுமியான சப்பீராளும் எழுந்து நின்றாள். "எங்க வெடக்கோழியத் தூக்கிட்டுப் போனது இவருதாங்க. ஆனா கொழம்பு வெச்சி எங்களுக்கும் ஒரு கிண்ணம் குடுத்தாரு" என்றாள். இறந்தவரின் மனைவி அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அன்றைக்குச் சொல்லப்பட்ட நல்ல வார்த்தைகளில் அது ஒன்றுதான் பொருத்தமாக இருந்தது என்று பிற்பாடு அவரே சொன்னாராம்.

எழுபதுகளின் கடைசியில் ஓசூரைச் சுற்றித் தொழிற்சாலைகள் முளைத்தன. கேழ்வரகு விளைந்த காட்டில் சைரன் ஊதியது. மின்சார சுவிட்ச் செய்கிற ஒரு கம்பெனியில் சப்பீராளுக்கு வேலை கிடைத்தது. பித்தளைத் துண்டையும் ஸ்பிரிங்கையும் பொருத்தி, தட்டிப் பார்த்து அடுத்தவளிடம் தள்ள வேண்டும். அடுத்தவள் ஃபகருன்னிசா. பாகலூர் ரோட்டில் டயர் கடை வைத்திருந்தவரின் மகள். வந்த முதல் நாளே அவள் சப்பீராளை "ஷபீரா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

"ஷ இல்லடி, ச. சப்பீராள்."

"அது யாரு வாயில நொழையும்? ஷபீரான்னா அழகா இருக்குது. எங்க மாமி பொண்ணு பேரு."

அத்திப்பள்ளியிலிருந்து தினம் எல்லை தாண்டி வரும் கன்னடக்காரச் சூப்பர்வைசருக்கு ஃபகருன்னிசா கூப்பிட்டதே சரியான பேராகப் பட்டது. ரம்ஜான் மாதம் வந்ததும், "ஷபீரா, நீனும் நாலு மணிக்கே ஹோகம்மா, நோன்பு திறக்கணும் அல்லவா" என்றார். வேறு யாராக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். சப்பீராள் நின்று, "சார், நான் கிறிஸ்தவங்க. மத்தியானம்தான் ரெண்டு டப்பா சோறு தின்னேன்" என்றாள். ஃபகருன்னிசா ஒரு நாள் முழுக்க அவளோடு பேசவில்லை. துணைக்கு ஆள் இல்லாமல் தனியாக நடந்து போக வேண்டியிருந்ததே என்ற கோபம்.

கல்யாண விஷயத்தில்தான் சிக்கல். பெண் பார்க்க வருகிறவர்கள் பேரைக் கேட்டவுடனேயே காபியைப் பாதியில் வைத்தார்கள். பேரைத் தாண்டி வந்தவர்களைச் சப்பீராளே விரட்டினாள். "போண்டா பொண்ணு சுட்டதா?" என்று ஒரு மாமியார் ஆசையாகக் கேட்டபோது, "இல்லீங்க, பஸ் ஸ்டாண்டு ஓட்டல்ல வாங்கினது. நேத்தே வாங்கி வெச்சிட்டாங்க" என்றாள். சாந்தம்மா சமையலறையில் தலையில் அடித்துக்கொண்டாள். கங்கப்பன், ஒரு நிமிஷம் கண் விழித்ததற்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் சபைக்கு எப்பிராயீம் என்று ஒரு இளம் போதகர் வந்தது எண்பத்துநாலு வாக்கில். பெங்களூரில் இறையியல் படித்தவர். எபிரெயமும் கிரேக்கமும் மிகவும் கஷ்டப்பட்டுக் கற்றிருந்தார். வந்த இடத்தில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் தேவைப்பட்டனவே ஒழிய, கிரேக்கம் கேட்பார் இல்லை. பாவம், பிரசங்கத்தில் எங்கேயாவது ஒரு கிரேக்கச் சொல்லை நுழைத்துவிட்டு எங்கள் முகத்தைப் பார்ப்பார். நாங்களும் தலையை ஆட்டி வைப்போம்.

அவர் வந்த வருஷமே ஒரு ஞாயிறு, கடைசி பெஞ்சில் புதிதாக ஒரு ஆள். நெடுநெடுவென்று, புருவம் பாதி பொசுங்கி இருந்தார். அறிவிப்பு நேரத்தில் போதகர், "புதுசா வந்திருக்கிற சகோதரர் எழுந்து பேரைச் சொல்லுங்க" என்றார்.

"தூத்துக்குடிப் பக்கம். இங்க இரும்பு ஃபவுண்டரில வேலை. பேரு அனனியா."

சபை மொத்தமும் திரும்பியது. அனனியாவை நோக்கி அல்ல. பெண்கள் பக்கம், மூன்றாவது வரிசையில் இருந்த சப்பீராளை நோக்கி. புதிய ஆள் அந்தத் தலைகள் திரும்பிய திசையைப் பார்த்தார். சப்பீராள் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். போதகர் ஆசீர்வாதம் கூறுவதற்குள் முன்வரிசையிலேயே நாலு பேர் இருமுகிற மாதிரி சிரித்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் பஸ் நிறுத்தத்தில் அனனியா அவளிடம் வந்து நின்றார். யாரோ அவரிடம் அவள் பேரைச் சொல்லியிருந்தார்கள்.

"நாம ரெண்டு பேரும் சேந்து ஒரு நெலத்த மட்டும் வித்துரக் கூடாது, பார்த்துக்கிடுங்க."

"எனக்கு நெலம் இல்லீங்க."

"எனக்கும் இல்ல. அப்பம் பயம் இல்லலா?"

அவள் சிரிக்கவில்லை. தளி பஸ் வந்தது. இவள் போகிற பஸ் அது இல்லை, இருந்தாலும் ஏறிப் போய்விட்டாள்.

அனனியாவுக்கு வாயைத் திறந்தால் அளப்பு. கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. வெறும் செய்தியைச் சொல்வதில் அவருக்கு ருசி இல்லை, அவ்வளவுதான். அவர் ஊர்க் கிணற்றில் திமிங்கலக் குட்டி இருந்தது. அவர் சித்தப்பா ஒரே கையால் லாரியை நிறுத்தினார். ஃபவுண்டரியில் உருக்கிய இரும்பைக் கரண்டியால் மொண்டு முகர்ந்து பார்த்தே தரம் சொல்வார். புருவம் போனது அப்படித்தானாம். சப்பீராள் இதையெல்லாம் மற்ற பெண்கள் மாதிரி கேட்டுவிட்டுச் சிரிக்க மாட்டாள். விசாரணை செய்வாள்.

"திமிங்கலக் குட்டி எத்தனை அடி?"

"ஆறடி இருக்கும்."

"நெசமாவா?"

"மூணடி."

"நல்லா யோசிச்சிச் சொல்லுங்க."

அனனியா கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். "கெளுத்தி மீனு. ஒரு முழம்."

அன்றைக்குத்தான் அவள் முதன்முதலாகச் சிரித்தாள். மறுநாள் சுவிட்ச் தட்டிக்கொண்டே ஃபகருன்னிசாவிடம் சொன்னாள்: "அவரு பொய் சொல்றாரு. ஆனா கேட்டா ஒத்துக்கறாரு. நான் பார்த்த ஆம்பளைங்கள்ல அந்த மாதிரி ஆளு இல்ல."

"அப்ப நிக்காஹ்வா?" என்றாள் ஃபகருன்னிசா.

இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறார்கள் என்று தெரிந்ததும் சபையில் மூப்பராக இருந்த அழகர்சாமி கொதித்துப் போனார். கல்யாணத்துக்கு முன் மூன்று வாரம் ஆலயத்தில் ஓலை வாசிப்பார்கள்: இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று. 'அனனியாவுக்கும் சப்பீராளுக்கும்' என்று மூன்று வாரம் வாசித்தால் தொழிற்பேட்டையே சிரிக்கும் என்பது அவர் கட்சி. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போதகர் வீட்டில் பஞ்சாயத்து. கங்கப்பனும் சாந்தம்மாவும் வந்தார்கள். சப்பீராளுக்குத் துணையாக ஃபகருன்னிசாவும் வந்து கதவோரம் உட்கார்ந்துகொண்டாள்.

"யாராவது ஒருத்தர் பேர மாத்திக்கங்க. ஒண்ணியும் குடி முழுகிப் போயிடாது" என்றார் மூப்பர்.

"ஒங்க பேரு அழகர்சாமிலா?" என்று அனனியா பணிவாகக் கேட்டார்.

"என் பேரு வேற விஷயம். நான் ஞானஸ்நானம் எடுக்கறதுக்கு முன்னாடியே ரேஷன் கார்டுல ஏறிப்போச்சி. அதுவும் இல்லாம எங்கப்பா வெச்ச பேரு."

"எனக்கும் எங்க அப்பாதான் வச்சாவ. அவிய நெனச்சது இந்த அனனியாவ இல்லய்யா. தானியேலோட கூட்டாளி ஒருத்தர ராஜா நெருப்புச் சூளையில தூக்கிப் போட்டாம்லா, முடிகூடக் கருகாம வந்தாரு. அந்த அனனியா. நானும் சூளையிலதான் கெடக்கேன்."

"புருவம் கருகியிருக்குதே" என்றாள் சப்பீராள்.

"அது கொஞ்சம் கருகிட்டு" என்று அனனியா ஒத்துக்கொண்டார்.

போதகர் எப்பிராயீம் இதற்குள் எழுந்து ஞாயிறு பள்ளிக் கரும்பலகையை உள்ளிருந்து தூக்கி வந்துவிட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நாங்கள் அதற்கு முன் கண்டதில்லை. மூன்று வருஷப் படிப்புக்கு அன்றைக்குத்தான் வேலை வந்திருந்தது.

"இது எபிரெயப் பேர்" என்று சாக்பீஸால் வலமிருந்து இடமாக எழுதினார். "ஹனனியா. ஹனன் என்றால் கிருபை செய்தல். கடைசியில் வருகிற 'யா' கர்த்தருடைய பேர். கர்த்தர் கிருபை செய்தார், இதுதான் அர்த்தம். ஆனால் புதிய ஏற்பாட்டை எழுதினது கிரேக்கத்தில். கிரேக்கத்தில் 'ஹ' என்று தனி எழுத்து கிடையாது. எழுத்தோரம் ஒரு சின்னக் கொக்கி போடுவார்கள், அவ்வளவுதான். ஆம்பளைப் பேரென்றால் பின்னால் ஒரு 'ஸ்' ஒட்டும். ஹனனியா, ஹனனியாஸ் ஆனார். தமிழுக்கு வரும்போது கொக்கியும் உதிர்ந்தது, ஸ்ஸும் உதிர்ந்தது."

"பஸ்ல வர்றதுக்குள்ள சாமானெல்லாம் தொலைஞ்ச மாதிரி" என்றார் கங்கப்பன். அவர் தூங்காமல் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதே எல்லோருக்கும் ஆச்சரியம்.

"அந்தப் பொய் சொன்ன ஆளுக்கு இந்தப் பேர் இருந்தது பேரின் குற்றம் இல்லை. தமஸ்குவில் இன்னொரு அனனியா இருந்தார். பவுலுக்குக் கண் போனபோது போய்க் கை வைத்துப் பார்வை கொடுத்தவர். அவரை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. அவர் விழவில்லை, அதனால்."

"சரி, இந்தப் பொண்ணு பேரு?" என்றார் மூப்பர், விடாமல்.

"அதற்கு எபிரெயத்தின் தங்கச்சி மொழிக்குப் போகணும். அரமேயு. சிலர் நீலக்கல் என்கிற சொல்லோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். ஆனால் அரமேயுவில் நேராகவே ஒரு சொல் இருக்கிறது. கிரேக்கத்தில் 'ஷ' கிடையாது, அதனால் அவர்கள் 'ச' போட்டு எழுதினார்கள். நம் ஆட்கள் மரியாளுக்கும் மார்த்தாளுக்கும் போட்ட மாதிரி பின்னால் ஒரு 'ள்' போட்டார்கள். அதையெல்லாம் எடுத்துவிட்டால் அசல் பேர்..." என்று எழுதத் திரும்பினார்.

கதவோரத்திலிருந்து ஃபகருன்னிசா பொறுமை இழந்து சொன்னாள்: "ஷபீரா, கெளம்பலாம்டி. எங்க அத்தா தேடுவாரு."

போதகர் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்தது. "என்னம்மா சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க."

"ஷபீரா. ஏன்?"

"அதுதான். ஷப்பீரா. அதுதான் அசல். அந்தப் பெண்ணை அவள் வீட்டில் ஏறக்குறைய அப்படித்தான் கூப்பிட்டிருப்பார்கள்."

ஃபகருன்னிசா மெதுவாகத் தன் சிநேகிதியைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டியா? வந்த நாளா எங்கூட ச, ஷன்னு சண்டை போட்டியே" என்றாள். அதை அவள் அப்புறம் கம்பெனி கேன்டீனில் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அர்த்தம் என்னாங்க?" என்று சாந்தம்மா கேட்டாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டது அவள் ஒருத்திதான்.

"அழகி" என்றார் போதகர்.

சப்பீராளுக்குச் சின்ன வயதில் அம்மை போட்ட வடு கன்னத்தில் இருந்தது. முன்பல் ஒன்று கொஞ்சம் தூக்கல். அவள் தன் வழக்கப்படி நேராகச் சொன்னாள்: "எனக்கு அது பொருந்தாதுங்க பாஸ்டர்."

"பொருந்தும்" என்றார் அனனியா.

அவள் அவரைப் பார்த்தாள். எல்லோருக்கும் தெரிந்த அந்த விசாரணைப் பார்வை. "நெசமாவா?"

"ஆமா."

"நல்லா யோசிச்சிச் சொல்லுங்க."

அனனியா யோசித்தார். கிணற்றுத் திமிங்கலத்தைக் கெளுத்தியாக்கிய மனிதர். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். "யோசிச்சிட்டேன். கொறைக்கதுக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

சப்பீராள் எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் குடித்தாள். மூப்பர் அழகர்சாமி தொண்டையைச் செருமி, ஓலையை வாசித்துத் தொலையுங்கள் என்றார்.

வாசித்தார்கள். முதல் வாரம் சபை சிரித்தது. இரண்டாம் வாரம் போதகர் கரும்பலகையையே பிரசங்க மேடைக்குக் கொண்டுவந்துவிட்டார். முக்கால் மணி நேரம் கொக்கியையும் ஸ்ஸையும் விளக்கியதில் சிரிக்கத் தெம்பில்லாமல் போயிற்று. மூன்றாம் வாரம் பேர்கள் இரண்டும் எங்களுக்குப் பழகிவிட்டன.

கல்யாணத்தன்று ஆலயம் நிறைந்திருந்தது. ஃபவுண்டரி ஆட்கள் இருபது பேர் இஸ்திரிச் சட்டையில் வந்து ஒரு பக்கம் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். சுவிட்ச் கம்பெனிப் பெண்கள் மறுபக்கம். அனனியாவுக்கு லீவு கிடைக்காமல் இரவு ஷிப்டு முடித்து, குளித்து, அவசரமாகக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். வாசலில் போதகர், "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டதற்கு, "நாலு இட்லி சாப்பிட்டேன், பாஸ்டர்" என்றார்.

உடன்படிக்கை சொல்கிற இடம் வந்தது. போதகர் சொல்லச் சொல்ல, மாப்பிள்ளை திருப்பிச் சொல்ல வேண்டும். "அனனியா என்னும் நான்..." என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் குரல் வரவில்லை. கண் ஒரு மாதிரி மேலே போயிற்று. நெடிய மனிதர், பனைமரம் சாய்கிற மாதிரி சாய்ந்து பீடத்தின் முன் விழுந்தார்.

அப்போது ஆலயத்தில் எழுந்த ஓலத்தை என்னால் எழுத முடியாது. "விழுந்துட்டான்" என்று ஒரு கிழவி கத்தினாள். சிலர் முழங்காலில் விழுந்தார்கள். வேதம் அறியாத ஃபவுண்டரி வாலிபர்கள் நல்லெண்ணத்தோடு மொத்தமாக எழுந்து ஓடிவந்து, அவரை வெளியே காற்றோட்டத்துக்குக் கொண்டுபோகத் தூக்கினார்கள். ஒருவன் பீடத்து வெள்ளைத் துணியைக்கூட உருவினான், முகத்தைத் துடைக்க. அழகர்சாமி மூப்பர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வழியில் பாய்ந்தார்.

"வாலிபப் பசங்க யாரும் தொடாதீங்க. துணிய வெச்சிடு. வெளிய கொண்டுபோவாதீங்க, கீழ எறக்குங்க" என்று அலறினார்.

சப்பீராள் மட்டும் அசையவில்லை. குனிந்து, மாப்பிள்ளையின் காலரைத் தளர்த்தினாள்.

"பாஸ்டர், இவரு சாப்பிடல. ராத்திரி பத்து மணிக்கு டீ குடிச்சதோட சரின்னு கூட வேலை செய்யறவங்க சொன்னாங்க. நாலு இட்லின்னு ஒங்ககிட்ட சொன்னது பொய்ங்க."

பொய் சொன்னான், விழுந்தான் என்று கேட்டதும் பெண்கள் பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் மயங்கத் தயாரானார்கள். நல்ல வேளையாக ஃபகருன்னிசா வெளியே ஓடி, எதிர்க் கடையில் ஒரு கோலி சோடாவை உடைத்து வாங்கி வந்தாள். பாதியை முகத்தில் அடித்தார்கள், மீதியைக் குடிக்கக் கொடுத்தார்கள். அனனியா கண் திறந்தபோது அவரைச் சுற்றி அத்தனை முகங்கள்.

"எத்தன இட்லி?" என்று சப்பீராள் கேட்டாள்.

"ஒண்ணு" என்றார் அவர். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "அதுவும் இல்ல" என்றார்.

விருந்துக்கு வைத்திருந்த வாழைப்பழத்தில் இரண்டைக் கொண்டுவந்து அங்கேயே தின்ன வைத்துவிட்டு, உடன்படிக்கையை முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். சப்பீராள் தன் பங்கைச் சத்தமாக, ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாள்.

தொண்ணூறுகளில் சுவிட்ச் கம்பெனி மூடிப்போனபோது அவள் சிப்காட் பக்கம் ஒரு மெஸ் ஆரம்பித்தாள். அது ஓடாது என்றுதான் நாங்கள் நினைத்தோம். சாப்பிட வருகிறவனிடம், "இன்னிக்கி சாம்பார் வேணாங்க, பருப்பு வேகல. ரசம் ஊத்திக்கங்க" என்று சொல்கிற கடைக்காரியை எங்கே பார்த்திருக்கிறோம்? ஆனால் ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் மற்ற இரண்டு மெஸ்ஸைத் தாண்டி அவளிடம் வந்தார்கள். பரிமாறுகிற அனனியா, அந்தப் பருப்பு ஏன் வேகவில்லை என்பதற்குப் பெரிய கதை ஒன்று சொல்வார். கர்நாடகத்திலிருந்து வரும் லாரி டிரைவர்களுக்குத் தமிழ் புரியாவிட்டாலும் அதைக் கேட்கப் பிடிக்கும்.

போதகர் எப்பிராயீம் பாரூர்ப் பக்கம் மாற்றலாகிப் போயிருந்தார். ஒரு மத்தியானம் ஓசூர் வந்தவர் மெஸ்ஸில் நுழைந்து, கைகழுவி உட்கார்ந்தார். அங்கே கிரேக்கம் எப்படிப் போகிறது என்று அனனியா விசாரித்தார். கரும்புக் காட்டில் அதற்கு என்ன வேலை, யாரும் கேட்பதில்லை என்று அவர் வருத்தமாகச் சொன்னார்.

"எனக்குச் சொல்லுங்க, நான் கேக்கறேன்" என்றாள் சப்பீராள், இலையைப் போட்டுக்கொண்டே. "ஆனா குருமா மட்டும் கேக்காதீங்க. காலையில வெச்சது."